பப்பாளிக்கு வந்த வளையம்

முதல்ல ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். பப்பாளி மரமே கிடையாது. தாவரவியல் கணக்குப்படி அது ஓங்கி வளர்ந்த ஒரு செடி, அவ்வளவுதான். உள்ளே வைரம் பாய்ந்த கட்டை எதுவும் இல்லை, வெட்டினால் தண்டு பொதபொதன்னு இருக்கும். ஆனா நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் 'பப்பாளி மரம்'னுதான் சொல்வாங்க. நானும் இந்தப் பதிவு முழுக்க மரம்னே சொல்லப் போறேன். தாவரவியல் வாத்தியார்கள் யாராவது படிச்சா மன்னிச்சுடுங்க :-)

காக்கா போட்ட விதையில் முளைச்சு, சாக்கடை ஓரத்தில் கேட்பாரில்லாமல் நின்னு, யாரும் தண்ணி ஊத்தாமலே காய்ச்சுத் தள்ளுற மரம் அது. அதனாலேயே நமக்கு அது மேல பெரிய மரியாதை கிடையாது. ஆனால் ஹவாய்த் தீவில் பல நூறு குடும்பங்கள் அந்தப் பழத்தை நம்பித்தான் சோறு தின்றன. அவர்கள் தோட்டத்துக்கு ஒரு வைரஸ் வந்தது. அது வந்த கதை, போன கதை, அதைவிட சுவாரசியமாக, 'அது ஏன் போச்சு' என்று விஞ்ஞானிகளுக்கே பின்னாடிதான் புரிந்த கதை, இதெல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

நோயின் பெயர் வளையப்புள்ளி. இலை முதலில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மாறும். அப்புறம் சுருங்கி, சில சமயம் வெறும் நரம்பு மட்டும் கயிறு போலத் தொங்கும். இலைக்காம்பிலும் தண்டிலும் எண்ணெய் பட்ட மாதிரி கோடுகள் விழும். காயின் தோலில் வட்ட வட்டமாக வளையங்கள் தோன்றும். பழத்தில் இனிப்பு குறைந்துவிடும். சின்ன வயதில் நோய் வந்த மரம் காய்ப்பதே சந்தேகம். மருந்து? இன்றுவரை கிடையாது. பூச்சிக்கு அடிக்கலாம், பூஞ்சைக்கு அடிக்கலாம், வைரஸுக்கு அடிக்க எதுவும் இல்லை. வெட்டி அப்புறப்படுத்துவதுதான் ஒரே வைத்தியம்.

ஹவாய்க்கு 'சோலோ' என்ற சின்னப் பப்பாளி ரகம் 1911இல் பார்படோஸ் தீவிலிருந்து வந்தது. ஒரு ஆள் ஒரே வேளையில் சாப்பிட்டு முடிக்கக்கூடிய அளவு. ஆரம்பத்தில் ஓவாஹு தீவில்தான் பப்பாளித் தோட்டங்கள் இருந்தன (ஹொனலூலு இருக்கிற தீவு). 1940களில் அங்கே இந்த நோய் தெரியவந்தது. 1949இல் ஜென்சன் என்ற ஆய்வாளர் அதற்கு 'வளையப்புள்ளி' என்று பெயர் வைத்தார். 1950கள் முடிவதற்குள் ஓவாஹுவின் பப்பாளித் தொழில் படுத்துவிட்டது.

விவசாயிகள் என்ன செய்தார்கள்? ஊரைக் காலி பண்ணிட்டு வேறு தீவுக்குப் போனார்கள். பக்கத்து 'பெரிய தீவில்' பூனா என்று ஒரு மாவட்டம். எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த கரும்பாறைப் பூமி. நல்ல மழை, நல்ல வெயில், தண்ணீர் தேங்காது. பப்பாளிக்கு அது சொர்க்கம். அங்கே இருந்த கப்போஹோ என்ற ஊரின் பெயரிலேயே 'கப்போஹோ சோலோ' என்று மஞ்சள் சதையுள்ள ஒரு ரகம் கொடிகட்டிப் பறந்தது. ஹவாயின் மொத்தப் பப்பாளியில் சுமார் 95 சதவீதம் பூனாவிலிருந்துதான் வந்தது.

சிக்கல் என்னன்னா, பூனாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஹிலோ நகரத்தில், வீட்டுக் கொல்லைகளில், வைரஸ் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. அரசாங்க ஆட்கள் கொல்லை கொல்லையாகப் போய் நோய் வந்த மரங்களை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. எல்லை தாண்டினால் முடிந்தது கதை என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது தாண்டும் என்பது மட்டும்தான் தெரியாது.

இந்த இடத்தில் நம்ம கதாநாயகர் வருகிறார். டென்னிஸ் கன்சால்வஸ். ஹவாய்க்காரர், கரும்புத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த பையன். படித்து, தாவர வைரஸ் ஆய்வாளராகி, நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். 1970களின் இறுதியில் ஊர்ப்பக்கம் வந்தபோது இந்த விஷயம் அவர் காதுக்கு வந்தது. பூனாவில் இன்னும் நோய் வரவில்லை. ஆனாலும் வரப்போகிறது என்று வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். என்னைக் கேட்டால் முழுக்கதையிலும் பெரிய விஷயம் இதுதான். வீடு தீப்பிடிப்பதற்கு 14 வருஷம் முன்னாடியே கிணறு தோண்ட ஆரம்பித்த மனிதர்.

சரி, எதிரி எப்படிப்பட்டவன்னு பார்ப்போம். இந்த வைரஸ் ஒரு மெல்லிய, வளையக்கூடிய இழை. நீளம் சுமார் 780 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. உள்ளே ஒரே ஒரு ஆர்.என்.ஏ. இழை. அதைச் சுற்றி ஒரே வகைப் புரதம் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டு ஒரு உறை மாதிரி இருக்கும். அதற்குப் பெயர் உறைப்புரதம். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

அந்த ஆர்.என்.ஏ.வில் இருப்பது மொத்தம் 10,326 எழுத்துகள். 1992இல் முழுசாகப் படித்துவிட்டார்கள். மனிதனுக்கு 300 கோடி எழுத்து வேண்டியிருக்கிறது, இந்த ஆளுக்கு ஒரு நீளமான வலைப்பதிவு அளவு போதும்! இதில் சிக்கனம் வேறு. தனித்தனியாகப் புரதங்கள் செய்யாமல், 3,344 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீளமான புரதமாக முதலில் செய்துவிடும். அப்புறம் அதற்குள்ளேயே இருக்கிற மூன்று 'கத்தரிகள்' அதை வெட்டிப் பத்துப் புரதங்களாகப் பிரிக்கும். துணியோடு கத்தரியையும் சேர்த்தே நெய்து அனுப்புகிற தறி மாதிரி.

பரப்புவது அசுவினிப் பூச்சி. அந்தப் பூச்சி நோய் வந்த இலையில் ஊசி மாதிரியான வாயைச் சில விநாடிகள் குத்தினால் போதும். வைரஸ் வாயின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மரத்தில் இன்னொரு குத்து. வேலை முடிந்தது. பூச்சிக்கொல்லி அடித்தால் பூச்சி சாகும்தான். ஆனால் சாவதற்கு முன்னாடியே பரப்பிவிட்டுத்தான் சாகும். வைரஸை அந்த வாயில் ஒட்டவைக்கிற கோந்து கூட வைரஸின் சொந்தத் தயாரிப்புதான். அந்தப் பத்துப் புரதங்களில் ஒன்றான ஹெச்.சி.-புரோ. இந்த ஆளையும் ஞாபகம் வச்சுக்குங்க.

கன்சால்வஸ் முதலில் முயன்றது ஒரு பழைய வித்தை. மிதமான வைரஸ் தொற்றிய செடியில் கடுமையான வைரஸ் ஏறாது என்பதை மெக்கின்னி என்பவர் 1929லேயே புகையிலையில் கவனித்திருந்தார். கிட்டத்தட்ட அம்மைப்பால் குத்துவது போல. ஷி-டொங் யே என்ற தைவான்காரர், கன்சால்வஸிடம் ஆய்வு செய்தவர், பப்பாளி வைரஸை நைட்ரஸ் அமிலத்தில் போட்டு உருமாற்றி ஒரு மிதமான வகையை எடுத்தார். 1984இல் அது வெளியே தெரிந்தது. ஹவாயிலும் தைவானிலும் தோட்டங்களில் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஓரளவு காத்தது, முழுசாக இல்லை. சில ரகங்களில் அந்த மிதமான வைரஸே வளையம் போட்டது. தைவானில் உள்ளூர் வைரஸ் வேறு மாதிரி இருந்ததால் பாதுகாப்பு அடிக்கடி உடைந்தது. அதோடு விவசாயி தன் கையாலேயே தன் மரத்துக்கு நோயைத் தடவ வேண்டும். யாருக்கு மனசு வரும்?

அதே காலகட்டத்தில், அதே கார்னெலில், ஜான் சான்ஃபோர்டு என்று ஒருவர் இரண்டு விஷயங்கள் செய்துகொண்டிருந்தார். 1985இல் ஜான்ஸ்டன் என்பவரோடு சேர்ந்து ஒரு யோசனையை எழுதினார்: நோய்க்கிருமியின் ஒரு மரபணுவை மட்டும் எடுத்து செடிக்குள் வைத்தால், அந்தக் கிருமியின் வேலையையே அது குழப்பிவிடாதா? இரண்டாவது, மரபணு துப்பாக்கி. உலோகத் துகள்களின் மேல் டி.என்.ஏ.வைப் பூசி, வெடிமருந்து வைத்து, செடியின் செல்களுக்குள் சுடுவது. நிஜமாகவே துப்பாக்கிதாங்க! ஆரம்பத்தில் வெங்காயத்தைச் சுட்டார்கள். ஆய்வகம் முழுக்க வெங்காய வாசனையும் வெடிமருந்து வாசனையும் எப்படிக் கலந்திருக்கும்னு நினைச்சுப் பார்க்கிறேன்.

1986இல் ரோஜர் பீச்சியின் குழு, புகையிலை வைரஸின் உறைப்புரத மரபணுவைப் புகையிலைச் செடிக்குள் வைத்து, நோய் வருவது தாமதமாவதைக் காட்டியது. கன்சால்வஸ் உடனே பிடித்துக்கொண்டார். பப்பாளி வைரஸின் உறைப்புரத மரபணுவை எடுத்துக் கொடுத்தவர் அப்ஜான் நிறுவனத்தின் ஜெர்ரி ஸ்லைட்டம். பப்பாளித் திசுவை வளர்த்துத் துப்பாக்கியால் சுட்டவர் ஹவாயின் மவ்ரீன் ஃபிட்ச். கூடவே ரிச்சர்டு மான்ஷார்ட்டு. நாலு பேர், ரொம்பச் சின்னக் கூட்டணி.

சுட்டதில் பிழைத்து வளர்ந்த சில செடிகளில் ஒன்றின் பெயர் 55-1. 1991இல் பசுமைக்குடிலில் அதன் மேல் வைரஸைத் தடவினார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தடவினார்கள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மற்ற செடிகள் எல்லாம் மஞ்சளாகிச் சுருள, இது பாட்டுக்குப் பச்சையாக நின்றது. 1992 ஏப்ரலில் ஓவாஹு தீவில் வயல் சோதனைக்கு நட்டார்கள்.

1992 மே மாதம், அதாவது அடுத்த மாதமே, பூனாவில் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது.

சினிமாவில் வைத்தால் 'ஓவர்'னு சொல்வோம் இல்லையா? ஆனால் நடந்தது இதுதான். வெட்டினார்கள், வெட்டினார்கள், வெட்டிக்கொண்டே இருந்தார்கள். 1994 முடிவதற்குள் பூனாவின் பப்பாளி நிலத்தில் கிட்டத்தட்ட பாதியில் நோய் பரவிவிட்டது. இனி வெட்டிப் பயனில்லை என்று அரசாங்கமும் கையை விரித்தது. 1992இல் பூனாவின் விளைச்சல் 5.3 கோடி பவுண்டு. 1998இல் 2.6 கோடி பவுண்டு. நடுவில் எத்தனை பேர் தோட்டத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள் என்பதை இந்த எண்கள் சொல்லாது.

1995இல் கப்போஹோவிலேயே, நோயின் நடுவிலேயே, பெரிய சோதனை வைத்தார்கள். மேலிருந்து எடுத்த அந்தப் படம் ரொம்பப் பிரபலம். சுற்றிலும் மஞ்சளாகச் செத்துக்கொண்டிருக்கும் மரங்கள், நடுவில் கத்தியால் வெட்டி வைத்த மாதிரி ஒரு பச்சைச் சதுரம். நூறு பக்க அறிக்கை செய்யாத வேலையை அந்த ஒரு படம் செய்தது. விளைச்சலில் சுமார் 20 மடங்கு வித்தியாசம்.

55-1 சிவப்புச் சதை ரகத்திலிருந்து வந்தது. அதைத் தூய வரிசையாக்கி 'சன்அப்' என்று பெயர் வைத்தார்கள். பூனாக்காரர்களுக்கு மஞ்சள் சதைதான் பழக்கம், சந்தையும் அதற்குத்தான். அதனால் சன்அப்பைக் கப்போஹோ சோலோவோடு கலந்து 'ரெயின்போ'வை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் மூன்று துறைகளிலும் அனுமதி 1996-97இல் கிடைத்தது. அப்புறம் காப்புரிமை விவகாரம். பயன்படுத்திய நுட்பங்களில் மான்சான்டோ உட்பட நாலு இடங்களின் உரிமை சிக்கிக்கொண்டிருந்தது. பப்பாளி விவசாயிகளின் குழுவே பேசி உரிமம் வாங்கியது. 1998 மே 1ஆம் தேதி விவசாயிகளுக்கு விதை கொடுத்தார்கள். இலவசமாக.

இப்போ நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். இது ஏன் வேலை செய்தது?

எல்லோரும் நினைத்தது இப்படி: செடி தானே உறைப்புரதத்தைச் செய்கிறது. வைரஸ் உள்ளே வந்து உறையைக் கழற்றப் பார்க்கும்போது, ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் உறைப்புரதம் அதைத் தடுக்கிறது. பார்க்க அழகான விளக்கம். ஆனால் 1990களின் தொடக்கத்தில் லிண்ட்போ, டவர்ட்டி என்ற இருவர் ஒரு குறும்பு செய்தார்கள். வேறொரு வைரஸின் உறைப்புரத மரபணுவை, புரதமே உண்டாகாதபடி கெடுத்து, புகையிலைக்குள் வைத்தார்கள். புரதம் இல்லை. ஆனாலும் செடி நோயை எதிர்த்தது!

அப்படின்னா காத்தது புரதம் இல்லை, ஆர்.என்.ஏ.! செடிகளுக்கு ஒரு பழைய காவல்முறை இருக்கிறது. இரட்டை இழையாக ஆர்.என்.ஏ. கண்ணில் பட்டால் அதை 21, 22 எழுத்து கொண்ட சின்னத் துண்டுகளாக நறுக்கும். அந்தத் துண்டுகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கிற போட்டோ மாதிரி வைத்துக்கொண்டு, அதே எழுத்துகள் உள்ள எந்த ஆர்.என்.ஏ. வந்தாலும் பிடித்து வெட்டும். 1998இல் புழுக்களில் இதை விளக்கிய ஃபயரும் மெல்லோவும் 2006இல் நோபல் வாங்கினார்கள். செடிகளில் அந்தச் சின்னத் துண்டுகளை 1999இல் ஹாமில்டனும் பால்கோமும் கண்டார்கள். அதே வருஷத்துக்கு முன்னாடியே ரெயின்போ விதை விவசாயி கையில் இருந்தது என்பதைக் கவனியுங்க.

சரி, செடிக்கு இப்படி ஒரு காவல் இருந்தால் சாதாரணப் பப்பாளி ஏன் தோற்கிறது? ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, ஹெச்.சி.-புரோ. பூச்சியின் வாயில் ஒட்டவைக்கிற அதே புரதம்தான் உள்ளே போனதும் இந்தக் காவலை முடக்குகிறது. அந்தச் சின்னத் துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், போட்டோவைக் கிழிப்பது மாதிரி. இந்தக் குடும்பத்து வைரஸ்கள் இப்படிச் செய்வதை 1998இல் சில குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. அதில் ஒன்றான தென் கரோலினா கட்டுரையில் முதல் பெயர் ஆர். ஆனந்தலட்சுமி.

ரெயின்போ மரத்தில் வித்தியாசம் நேரத்தில்தான். வைரஸ் வருவதற்கு முன்பே போட்டோ எல்லாச் செல்லிலும் ஒட்டியாச்சு. வைரஸ் உள்ளே வந்து, தன் நீளப் புரதத்தைச் செய்து, கத்தரித்து, ஹெச்.சி.-புரோவை வெளியே எடுப்பதற்குள் அதன் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். பந்தயம் ஆரம்பிக்கும் முன்பே ஒருத்தன் ஓட ஆரம்பித்துவிட்டான்.

இந்த விளக்கத்தில் ஒரு எச்சரிக்கையும் ஒளிந்திருக்கிறது. போட்டோ பார்த்துப் பிடிக்கிற காவல் என்றால், முகம் மாறினால் பிடிக்காது. ஹவாய் வைரஸின் எழுத்துகளை வைத்துச் செய்த ரெயின்போ, வேற்று நாட்டு வைரஸ்கள் பலவற்றிடம் தோற்றது. அந்த மரபணு இரண்டு பிரதி உள்ள சன்அப் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது. ஆக, ஒரு விதையைச் செய்து உலகம் முழுக்க விற்கவே முடியாது. ஒவ்வொரு ஊரும் தன் வைரஸைத் தானே படித்து, தன் மரத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும். சீனா அப்படித்தான் தன் சொந்த ரகத்தை உருவாக்கி 2006இல் அனுமதித்தது.

எதிர்ப்பைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதிதான். தாய்லாந்தும் கன்சால்வஸ் குழுவோடு சேர்ந்து தன் பப்பாளியைச் செய்தது. 2004இல் கிரீன்பீஸ்காரர்கள் கோன் கேன் ஆய்வு நிலையத்துக்குள் புகுந்து போராடினார்கள். விதை வெளியே கசிந்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. வயல் சோதனைகளே நின்றுபோயின. ஜப்பான் 2011 டிசம்பர் வரை ரெயின்போவை உள்ளே விடவில்லை. இயற்கை விவசாயம் செய்த ஹவாய்க்காரர்களுக்கு மகரந்தம் கலந்துவிடுமே என்ற கவலை. அது நியாயமான கவலைதான். 2010க்கும் 2013க்கும் இடையில் சில இரவுகளில் ஆயிரக்கணக்கான பப்பாளி மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். 2013இல் அந்தத் தீவு மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தடை கொண்டுவந்தபோது, பப்பாளிக்கு மட்டும் விலக்கு கொடுத்தது! அந்தத் தடையையே அப்புறம் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

வேடிக்கை என்னன்னா, ரெயின்போ நட்டு ஊரில் வைரஸ் குறைந்த பிறகுதான், பழைய கப்போஹோ சோலோவை மறுபடி நட்டு ஜப்பானுக்கு அனுப்ப முடிந்தது.

நம்ம ஊர்ல பி.டி. பருத்தி, பி.டி. கத்தரிக்காய் சண்டை நடக்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் இந்தப் பப்பாளியை மேற்கோள் காட்டுவார்கள். 'பாருங்க, எல்லா மரபணு மாற்றமும் நல்லது' என்று ஒரு பக்கம், 'எல்லாம் கம்பெனி சதி' என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. இந்தப் பப்பாளியைச் செய்தது பல்கலைக்கழகம், உரிமம் வாங்கியது விவசாயிகள் குழு, விதை போனது இலவசமாக. இதை வைத்து வேறொரு கம்பெனியின் வேறொரு விதைக்கு நற்சான்று கொடுக்க முடியாது. அதேபோல அந்தக் கம்பெனி மேல் இருக்கிற கோபத்தை இந்த மரத்தின் மேல் காட்டுவதிலும் அர்த்தம் இல்லை. யார் செய்தார்கள், யார் கையில் விதை இருக்கிறது, எந்த ஊர் நோய்க்கு என்று ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அலுப்பான வேலை. ஆனால் வேறு வழி?

தமிழ்நாட்டுப் பப்பாளித் தோட்டங்களிலும் இதே வளையப்புள்ளிதான் பெரிய தலைவலி. மரபணு மாற்றிய பப்பாளிக்கு இங்கே அனுமதி இல்லை. ஓரளவு தாக்குப்பிடிக்கிற தைவான் ரகமான ரெட் லேடியை நடுகிறார்கள். வயலோரத்தில் மக்காச்சோளம் போடுகிறார்கள். ஏன் மக்காச்சோளம்னு யோசிச்சிருக்கீங்களா? பறந்து வரும் அசுவினி முதலில் அதில் இறங்கி நாலு குத்து குத்தும். வாயில் ஒட்டியிருந்த வைரஸ் அங்கேயே துடைபட்டுவிடும். மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வருவது போல. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது பப்பாளித் தோட்டத்தைச் சுற்றிச் சோளம் நிற்பதைப் பார்த்தால், அங்கே நிற்பது வேலி இல்லை, மிதியடின்னு தெரிஞ்சுக்குங்க.

கப்போஹோ என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 2018இல் கிலாவேயா எரிமலை வெடித்து, குழம்பு பூனாவின் வழியாக ஓடிக் கடலில் கலந்தது. கப்போஹோவின் பெரும்பகுதியும் பல பப்பாளித் தோட்டங்களும் அதன் அடியில் போயின. வைரஸிடம் தப்பித்த மரங்கள் பாறைக்கு அடியில். ஆனால் அந்தப் பூமியே பழைய எரிமலைக் குழம்பு காய்ந்து உண்டானதுதானே. பப்பாளிக்குப் பிடித்த மண்ணும் அதுதான். விதை பத்திரமாக இருக்கிறது. பாறை ஆறட்டும்.